ஜீப்பின் பிரேக்கும் நம் அமானிதமும்



மார்க்கம் பேசும் இடத்தில் வண்டியின் பிரேக்கைப் பற்றி எழுதுவதா என்று சிலர் வியக்கலாம். நமக்கும் அந்தத் தயக்கம் இருந்தது. ஆயினும், ஏழு பிள்ளைகளின் உயிரோடும் ஒரு கைத்தொழிலாளியின் மானத்தோடும் தொடர்புடைய செய்தி இது. இதில் நம் பங்கில் ஒரு குற்றமும் உண்டு. எழுதினால் யாரேனும் ஒருவர் தம் வண்டியையும் தம் நாவையும் ஒரு முறை சோதித்துக்கொள்வார் என்ற எண்ணத்தில் எழுதுகிறோம்.

வாடிப்பட்டியில் நாம் ஓதிக்கொடுக்கும் மதரஸாவுக்குப் பழைய மஹிந்திரா ஜீப் ஒன்று உண்டு. பெரியவர் ஒருவர் வக்ஃபாகக் கொடுத்தது. சுற்றுக் கிராமங்களில் நடக்கும் வார இறுதி மக்தப் வகுப்புகளுக்கு உஸ்தாதுகள் அதில்தான் போய்வருவார்கள். இந்த ஜீப்பின் வரலாற்றிலும் நமக்கு ஒரு பிடிப்பு உண்டு. 1945இல் லூதியானாவில் அந்த நிறுவனம் தொடங்கப்பட்டபோது அதன் பெயரில் மஹிந்திராவோடு முஹம்மது என்ற பெயரும் இருந்தது. பங்காளியான குலாம் முஹம்மது பிரிவினைக்குப் பின் பாகிஸ்தான் சென்று அந்நாட்டின் முதல் நிதியமைச்சரானார். 1948இல்தான் நிறுவனம் இன்றைய பெயரைப் பெற்றது. இரு சமயத்தவரின் கூட்டு உழைப்பில் தோன்றிய நிறுவனத்தின் வண்டி, இங்கே இரு சமயத்தவரின் கைகளில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. ஓட்டுவது நம் சகோதரர். பழுது பார்ப்பவர் முருக பக்தரான மெக்கானிக் அண்ணன்.

பழைய ஜீப்புகளில் நான்கு சக்கரங்களுக்கும் டிரம் பிரேக்தான். சக்கரத்தோடு சுழலும் இரும்புக் குடத்தின் உள்ளிருந்து இரண்டு ஷூக்கள் விரிந்து அழுத்தும். குடத்திற்குள் நீர் புகுந்துவிட்டால் பிடிப்புக் குறையும். ஒரு சக்கரம் பிடிக்கும், மற்றொன்று வழுக்கும், வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். நம் பகுதியோ பெரியாறு கால்வாய்ப் பாசனப் பகுதி. ஐப்பசி, கார்த்திகை மழையில் வயல் நீரும் வாய்க்கால் நீரும் சேர்ந்து பாதையில் நிற்கும். அப்படியொரு மழைநாளில் சோழவந்தான் பாதையில் ஓர் ஆட்டு மந்தையின் எதிரில் வண்டி நிற்காமல் சறுக்கியது. ஆடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, அல்ஹம்துலில்லாஹ். மறுவாரமே நிர்வாகக் குழு மஷூராவில் கூடி, முன் சக்கரங்கள் இரண்டுக்கும் டிஸ்க் பிரேக் மாற்றுவதென முடிவு செய்து பணமும் ஒதுக்கியது. வேலையைக் கவனிக்கும் பொறுப்பு நம்மிடம் தரப்பட்டது.

டிஸ்க் பிரேக் புதிய பொருளன்று. பிரிட்டனின் லான்செஸ்டர் 1902லேயே அதற்குக் காப்புரிமை பெற்றார். 1953இல் ஜாகுவார் பந்தயக் கார்கள் லெ மான் போட்டியில் அதைக் கொண்டே வென்ற பின் உலகம் அதைத் திரும்பிப் பார்த்தது. திறந்தவெளியில் சுழலும் தட்டு விரைவில் சூட்டை விடும், நீரையும் உதறிவிடும். ஆகவே நம் நிர்வாகிகள் எடுத்த முடிவில் பிழையில்லை. பிழை அதன்பின் வந்தது.

வேலை தொடங்கிய இரண்டாம் நாள் மெக்கானிக் அண்ணன் நம்மைப் பட்டறைக்கு அழைத்தார். வண்டியின் அடியில் கையை நீட்டிக் காட்டி, "அஸ்ரத், இந்த மாஸ்டர் சிலிண்டரு டிரம்முக்குன்னு செஞ்சது. டிஸ்க்குக்கு ஒத்து வராது. இதையும் சேத்து மாத்திருவோம்" என்றார். விலை கேட்டோம். வால்வு, குழாய் எல்லாம் சேர்த்து மேலும் 7,000 ரூபாய் ஆகும் என்றார். ஒதுக்கிய பணம் அதற்குள் தீர்ந்திருந்தது. மீண்டும் நிர்வாகிகளிடம் போய்க் கேட்க நமக்குக் கூச்சம். முதலிலேயே சரியாகக் கணக்குப் போடவில்லையா என்று யாரேனும் கேட்டுவிடுவார்களோ என்ற அச்சம். "இப்போதைக்குப் பழையதே இருக்கட்டும் அண்ணே, ரமலானுக்குப் பிறகு பார்ப்போம்" என்றோம். அவர் சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "நீங்க சொல்றீங்க, சரி. ஆனா ரொம்ப நாளு விட்றாதீங்க" என்றார்.

அந்த எச்சரிக்கையை நாம் நிர்வாகிகளிடம் சொல்லவே இல்லை. இந்தக் கட்டுரையின் மையம் அந்த ஒரு வாக்கியம்தான்.

வண்டி வெளியே வந்த முதல் வாரத்தில், பிரேக்கை முதல் முறை மிதித்தால் மிதி தாழப் போகும், இரண்டாம் முறை மிதித்தால்தான் மேலே நிற்கும். அண்ணன் பின் சக்கரங்களின் ஷூக்களை அட்ஜஸ்ட் செய்ததும் அது பெருமளவு சரியாயிற்று. அதற்குக் காரணம் எளியது. காலிப்பரின் பிஸ்டன் பெரியது. 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டனுக்கும் 50 மில்லிமீட்டர் பிஸ்டனுக்கும் விட்டத்தில் இரு மடங்குதான் வேறுபாடு. பரப்பிலோ நான்கு மடங்கு. அதை நகர்த்த அதிக ஆயில் வேண்டும். பழைய சிலிண்டர் ஒரு மிதியில் தள்ளும் ஆயிலின் அளவு மாறாது. பின் ஷூக்களும் தளர்ந்திருந்தால் அந்த ஆயில் போதாது. ஆகவே டிஸ்க் மாற்றிய பின் மிதி தாழ்ந்தால் முதலில் பின் டிரம்மின் இடைவெளியைப் பார்க்க வேண்டும். அதன்பின்னரே காற்றைத் தேட வேண்டும்.

ஓட்டுநர் சகோதரர் காற்றைத்தான் தேடினார். மதரஸாவின் சாமான் அறையில் ஓராண்டாக மூடி திறந்து கிடந்த பாதி டப்பா பிரேக் ஆயிலை ஊற்றி, தாமே ஏர் எடுத்தார். நாம் அருகில் நின்று மிதித்துக் கொடுத்தோம். புதிய டப்பா வாங்காமல் சில நூறு ரூபாயை மிச்சப்படுத்தியதில் மகிழ்ச்சி வேறு.

மூன்றாம் வாரத்தில் முன் சக்கரங்கள் இலேசாகச் சுடத் தொடங்கின. கிராமத்துக்குப் போய்வந்து இறங்கும்போது கருகிய வாடை வரும். டீசலும் வழக்கத்தைவிட அதிகம் குடித்தது. புதுப் பேட் அப்படித்தான் இருக்கும் என்று நமக்கு நாமே சமாதானம் சொல்லிக்கொண்டோம். அறியாத துறையில் இப்படித் தீர்ப்புச் சொல்வது எத்தகைய துணிச்சல்! மருத்துவம் அறியாதவர் வைத்தியம் பார்த்துத் தீங்கு நேர்ந்தால் அவரே பொறுப்பாளி என்ற கருத்துப்பட நபி (ஸல்) அவர்கள் அறிவித்ததைப் பிள்ளைகளுக்குப் பாடமாக நடத்துபவர்கள் நாம்.

அரையாண்டுப் பரீட்சை முடிந்ததும் ஹிஃப்ழுப் பிரிவின் ஏழு பிள்ளைகளைச் சிறுமலைக்கு அழைத்துச் சென்றோம். வாடிப்பட்டியிலிருந்து பார்த்தாலே தெரியும் மலைதான். ஆனால் வண்டிப் பாதை திண்டுக்கல் சென்று நத்தம் சாலையில் பிரிந்து ஏறுகிறது. 18 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது பிள்ளைகள் வளைவுகளை எண்ணிக்கொண்டே வந்தார்கள். மேலே லுஹர் தொழுது, கட்டுச்சோறு உண்டு, அஸருக்கு முன் இறங்கத் தொடங்கினோம்.

பாதி மலை இறங்கியிருப்போம். இடப்பக்க முன் சக்கரத்திலிருந்து புகை வந்தது. அடுத்த வளைவுக்கு முன் ஓட்டுநர் பிரேக்கை மிதித்தார். மிதி தரையைத் தொட்டது. மறுபடி மிதித்தார். பஞ்சை மிதிப்பதைப்போல் கால் இறங்கியது. அவர் ஒரு சொல்லும் பேசாமல் கியரைக் குறைத்து, கைபிரேக்கை மெல்ல மெல்ல இழுத்து, வண்டியைப் பள்ளத்தின் பக்கம் விடாமல் மலைச்சரிவின் மண்மேட்டில் உரசவிட்டு நிறுத்தினார். பழைய ஜீப்பின் கைபிரேக் ஆயிலோடு தொடர்பில்லாதது. டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால் சுழலும் தண்டைத் தனியே பிடிப்பது. வெளிப்படையான காரணமாக அல்லாஹ் அதையே அன்று ஆக்கி வைத்தான். பின்னால் ஒரு சிறுவன் கலிமாவை உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தான். வண்டி நின்ற பின்பும் அவன் நிறுத்தவில்லை. அந்தக் குரல் இன்றும் சில இரவுகளில் நம் காதில் கேட்கிறது.

அரை மணி நேரம் கழித்து ஓட்டுநர் மிதித்துப் பார்த்தார். மிதி பழையபடி மேலே நின்றது. எதுவுமே நடக்காததைப்போல!

மறுநாள் இஷாவுக்குப் பின் நிர்வாகக் குழு கூடியது. "மட்டமான சாமானை மாட்டிப் பணத்தைச் சாப்பிட்டுவிட்டான் அந்த மெக்கானிக்" என்றார் ஒருவர். "நம்ம வண்டி என்றால் அவனுக்கு இளக்காரம்" என்றார் இன்னொருவர். அந்தச் சொல்லில் சமயத்தின் நஞ்சு ஒரு துளி கலந்திருந்தது. எல்லோரும் நம்மைப் பார்த்தார்கள். நாம் தலையைக் குனிந்து அமர்ந்திருந்தோம். நாம் ஒரு சொல்லும் பொய் சொல்லவில்லை. மெளனமாக இருந்தோம், அவ்வளவுதான். ஆனால் அந்த மெளனம் ஒரு பொய்ச் சாட்சியின் வேலையைச் செய்து முடித்தது.

அடுத்த நாள் வண்டியோடு பட்டறைக்குச் சென்றோம். அண்ணன் தம்மைப் பற்றிப் பேசப்பட்டதை அறிந்திருந்தார், ஊர் சிறியது. முகம் கறுத்திருந்தது. ஆயினும் "உக்காருங்க அஸ்ரத்" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். பிறகு அவர் பழுதைத் தேடிய முறை நமக்கு ஒரு பாடமாயிற்று. ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர் தொடரை ஒவ்வொரு கண்ணியாகச் சோதிப்பார்களே, அதைப்போலவே இருந்தது.

முன் சக்கரங்களை ஜாக்கியில் தூக்கினார். பிரேக்கை மிதித்து விட்ட பின் சக்கரத்தைக் கையால் சுற்றினார். இறுக்கமாக இருந்தது. காலிப்பரின் ஏர் ஸ்க்ரூவைச் சற்றே திறந்தார். சிறிது ஆயில் பீய்ச்சியது; சக்கரம் உடனே இலகுவாகச் சுழன்றது. "பாத்தீங்களா, பிஸ்டன் சிக்கல. உள்ள பிரசர் அடைஞ்சு நிக்கிது" என்றார். ஸ்க்ரூவைத் திறந்தும் சக்கரம் விடுபடாதிருந்தால், பிஸ்டனோ காலிப்பர் நகரும் பின்னோ துருப்பிடித்திருக்கிறது என்று பொருள்.

ஸ்க்ரூவை மூடி மறுபடி மிதிக்கச் சொன்னார். இம்முறை மாஸ்டர் சிலிண்டரின் வாயிலிருக்கும் குழாய் நட்டைத் தளர்த்தினார். அப்போதும் சக்கரம் விடுபட்டது. ஆகவே இடையிலுள்ள ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள் வீங்கி அடைக்கவில்லை. பழுது சிலிண்டரில்தான். அடுத்து மிதிக்கும் புஷ் ராடுக்கும் இடையே சிறிது விளையாட்டு இருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பார்த்தார். இருந்தது. அது இல்லையென்றால் ஆயில் திரும்பும் சிறு துளை மூடியே கிடக்கும். அதனாலும் பிரேக் பிடித்தபடி நிற்கும். எஞ்சியது ஒன்றே. சிலிண்டரைக் கழற்றி, வெளிவாயிலிலிருந்து ஒரு சிறு ஸ்பிரிங்கையும் ரப்பர் வால்வையும் நம் உள்ளங்கையில் வைத்தார்.

டிரம் பிரேக்கிற்கு அந்த வால்வு தேவையானது. மிதியை விட்ட பின்பும் குழாயில் ஏறத்தாழ 10 பிஎஸ்ஐ அழுத்தத்தை அது தேக்கி வைக்கும். அதனால் வீல் சிலிண்டரின் ரப்பர்கள் சுவரோடு ஒட்டி நின்று காற்றை உள்ளே விடா. டிரம்மின் ஷூக்களை இழுத்துப் பிடிக்க வலுவான ஸ்பிரிங் இருப்பதால் அந்த அழுத்தம் அங்கே தீங்கு செய்யாது. டிஸ்க்கில் அப்படி ஸ்பிரிங் இல்லை. பிஸ்டனைச் சுற்றிய ரப்பர் சீல் ஒன்றுதான் அதை மயிரிழை அளவு பின்னுக்கு இழுக்கிறது. ஆகவே தேங்கிய அழுத்தத்தில் பேட் தட்டை உரசிக்கொண்டே இருந்தது. உரசலில் சூடு, மலை இறக்கத்தில் சூட்டின் மேல் சூடு. காலிப்பரில் இருந்த ஆயில் கொதித்து ஆவியாயிற்று. ஆயிலை அழுத்தினால் சுருங்காது, ஆவி சுருங்கிவிடும். அதனால்தான் மிதி தரையைத் தொட்டது. ஆறியதும் ஆவி மீண்டும் ஆயிலானது; மிதி மேலே வந்தது.

அந்த ஓராண்டு டப்பாவுக்கும் இதில் பங்குண்டு. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பின் அந்த எல்லை 140 பாகைக்கு இறங்கிவிடலாம். டாட் 4 வகைக்கு அது 230, 155. மிச்சப்படுத்திய சில நூறு ரூபாயின் விலை இதுதான்.

அண்ணன் நம்மைக் குறை சொல்லி ஒரு வார்த்தையும் பேசவில்லை. அந்த வால்வை மட்டும் ஒரு தாளில் மடித்து, "கமிட்டிக்காரங்ககிட்ட காட்டுங்க" என்று கொடுத்தார்.

அன்று ஜும்ஆவுக்குப் பின் நிர்வாகிகளை அமரச் சொன்னோம். தாளைப் பிரித்து வைத்தோம். அண்ணன் முன்பே எச்சரித்தார், நாம்தான் சொல்லாமல் விட்டோம், முந்தின கூட்டத்தில் வாய் மூடியிருந்ததும் நம் குற்றம் என்று கூறினோம். நீண்ட நேரம் யாரும் பேசவில்லை. கைத்தொழிலாளரிடம் கொடுத்த பொருள் கெட்டால் யார் பொறுப்பு என்பதில் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களுக்கும் அவர்களின் இரு மாணவர்களுக்கும் இடையிலுள்ள கருத்து வேறுபாட்டை நாம் ஆண்டுதோறும் நடத்துகிறோம். தொழிலாளியின் எச்சரிக்கையை உரிமையாளருக்குச் சேர்க்காமல் நடுவில் விழுங்கியவனின் நிலை என்ன என்று எந்த மாணவரும் நம்மிடம் கேட்டதில்லை. அன்று முத்தவல்லி கேட்டார். "பிள்ளைகளுக்கு ஏதாவது ஆகியிருந்தால் யார் ஹஜ்ரத் பதில் சொல்வது?" நம்மிடம் பதில் இல்லை.

மஃரிபுக்குப் பின் கடுஞ்சொல் சொன்ன இருவரும் நம்முடன் பட்டறைக்கு வந்தார்கள். மன்னிப்புக் கேட்டோம். அண்ணன் கையைத் துணியில் துடைத்தபடி, "எம்மேலயும் தப்பு இருக்கு. இது ஆகாதுன்னு தெரிஞ்சும் வண்டிய வெளிய விட்டேன்ல. நீங்க அஸ்ரத்துன்னு அதுக்கு மேல பேசல" என்றார். மரியாதையின் பேரிலும் உண்மை அடங்கிப் போகிறது என்பதை அப்போது உணர்ந்தோம். மக்கள் நம்மை மதிக்கிறார்கள் என்றால், அவர்கள் மறுத்துப் பேசும் வாயிலை நாமே திறந்து வைக்க வேண்டியிருக்கிறது.

இம்முறை முறையாக வேலை நடந்தது. பழைய வால்வை எடுத்து எறிந்தால் மட்டும் போதாது. நம் ஜீப்பில் சிலிண்டர் தரைக்கடியில், காலிப்பரைவிடத் தாழ்வில் இருக்கிறது. அழுத்தம் சற்றும் இல்லையேல் ஆயில் பின்வாங்கி மிதி தாழும். ஆகவே முன் டிஸ்க் குழாயில் 2 பிஎஸ்ஐ வால்வும், பின் டிரம் குழாயில் 10 பிஎஸ்ஐ வால்வும் தனித்தனியே வைத்தார்கள். பழைய சிலிண்டருக்குப் பதிலாக இரட்டை அறை கொண்ட டேண்டம் சிலிண்டர். பழையதில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே வழி. எங்கோ ஒரு குழாய் வெடித்தால் முழு பிரேக்கும் போய்விடும். இதில் முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று.

பழைய வண்டிக்கு டிஸ்க் மாற்ற நினைப்போருக்கு நாம் கற்ற இன்னும் சிலவற்றைச் சொல்லிவிடுகிறோம். எவ்வளவு ஏர் எடுத்தும் மிதி பஞ்சுபோல் இருந்தால், காலிப்பர்கள் இடம் வலம் மாறிப் பொருத்தப்பட்டனவா என்று பாருங்கள். ஏர் ஸ்க்ரூ மேற்பக்கம் இருக்க வேண்டும். கீழே இருந்தால் காற்று மேலேயே தங்கிவிடும். மிதி கல்லைப்போல் இருந்து வண்டி நிற்கவில்லையென்றால் பூஸ்டரை நினையுங்கள். டிரம்மில் சுழற்சியே ஷூவை உள்ளிழுத்து உதவும். டிஸ்க்கில் அவ்வுதவி இல்லை, கூடுதல் அழுத்தம் வேண்டும். டீசல் எஞ்சினில் பூஸ்டருக்கான வெற்றிடத்தைத் தனி பம்ப்தான் தரவேண்டும். எஞ்சினை நிறுத்திப் பலமுறை மிதித்து, மிதித்தபடியே ஸ்டார்ட் செய்தால் மிதி சற்று இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பூஸ்டரில் பழுது. எதைச் செய்யும் முன்பும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரியுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களைப் பற்றியது. எல்லாவற்றுக்கும் மேலாக, சக்கரம் சுடுகிறதா என்று பயணம் முடிந்ததும் பாருங்கள். தட்டைத் தொடாதீர்கள், வீல் அருகே கையை நீட்டினாலே தெரியும்.

ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டுத் தவக்குல் வைக்கலாமா என்று கேட்டவரிடம், முதலில் கட்டும்படியும் பின் பொறுப்பை அல்லாஹ்விடம் ஒப்படைக்கும்படியும் நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். சிறுமலைக்குக் கிளம்பிய காலையில் நாம் பயண துஆவைப் பிள்ளைகளோடு சேர்ந்து ஓதினோம். ஆனால் கயிறு அவிழ்ந்து கிடந்ததை நாம் அறிவோம். அறிந்திருந்தும் ஓதினோம்.

அந்தச் சிறு வால்வு இப்போது நம் மேசை இழுப்பறையில், கிதாபுகளோடு இருக்கிறது. கலிமா சொன்ன சிறுவன் சென்ற வாரம் பதினைந்தாம் ஜுஸ்வை முடித்தான். அவனுடைய வாப்பா நம்மிடம் வந்து ஸலாம் சொல்லிக் கையைப் பற்றியபோது, அவரிடமும் நடந்ததை முழுமையாகச் சொன்னோம். அவர் கையை விடவில்லை.

நம்மிடம் ஒப்படைக்கப்பட்டவற்றையும், நம்மிடம் சொல்லப்பட்டவற்றையும் உரியவரிடம் சேர்க்கும் நற்பேற்றை அல்லாஹ் நமக்கும் உங்களுக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.